வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் உளவு மென்பொருள்: திருட்டு எங்கே நடக்கிறது, எப்படி அகற்றுவது

கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று ஒருவர் சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். "பேங்க் சைட்டையே ஹேக் பண்ணிட்டாங்க போல" என்பது ஒன்று. "உடனே பாஸ்வேர்டை மாத்து" என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் உண்மையில்லை. எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவதுதான். உளவு மென்பொருள் புகுந்திருக்கும் அதே கணினியில் உட்கார்ந்து புதிய கடவுச்சொல்லைத் தட்டினால், பழையதைத் திருடியவனுக்கே புதியதையும் கொடுத்தாகிவிட்டது. நல்ல மனதோடு சொல்லப்படும் அறிவுரை, இடம் தவறிச் செய்யப்படுவதால் கெடுதலாக முடிகிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கணினிப் படிப்பு எதுவும் தேவையில்லை. திருட்டு எந்த இடத்தில் நடக்கிறது என்பது விளங்கினால் போதும். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்பது அதிலிருந்தே வந்துவிடும்.

## உறைக்குள் போகும் முன்பே

ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். எழுதி முடித்து உறையிலிட்டு, அரக்கு வைத்து அனுப்புகிறீர்கள். வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் எழுதும்போதே ஒருவன் தோளுக்குப் பின்னால் நின்று வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தால், அந்த உறை எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன பயன்?

இணைய வங்கியில் அந்த உறையின் பெயர் மறையாக்கம். அதாவது, உரியவர் மட்டுமே திறக்கக்கூடிய குறியீடாகத் தகவலை மாற்றி அனுப்புவது. வங்கித் தளத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவது இதைத்தான் குறிக்கிறது. இந்த ஏற்பாடு உண்மையிலேயே வலுவானது. வழியில் ஒட்டுக்கேட்பவனால் அதை உடைத்துக் கடவுச்சொல்லைப் படிக்க முடியாது.

திருடர்களுக்கும் இது தெரியும். அதனால் உறையை உடைக்க அவர்கள் மெனக்கெடுவதில்லை, எழுதுபவரின் தோளுக்குப் பின்னால் ஆளை நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஆள்தான் உளவு மென்பொருள்: உங்கள் கணினியிலோ கைபேசியிலோ உங்களுக்குத் தெரியாமல் இருந்துகொண்டு, நீங்கள் செய்வதைப் பார்த்து வேறொருவருக்கு அனுப்பும் நிரல். பயனுள்ள வேறொன்றைப்போல வேடமிட்டு உள்ளே வருவதால் ட்ரோஜன் என்ற பெயரும் உண்டு. வங்கிக் கணக்கைக் குறிவைத்து எழுதப்பட்டது வங்கி ட்ரோஜன்.

இங்கேயே சில நம்பிக்கைகள் கழன்றுவிடுகின்றன. விபிஎன் போட்டிருக்கிறேன் என்பார்கள். உங்கள் இணையப் போக்குவரத்தை மறைத்து வேறொரு கணினி வழியாக அனுப்பும் விபிஎன் காப்பது வழியை மட்டும்தான். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில்தான் வங்கிக்குப் போகிறேன் என்பார்கள். அது உங்கள் உலாவல் வரலாற்றைச் சேமிக்காமல் இருக்கும், அவ்வளவே. தோளுக்குப் பின்னால் நிற்பவனை இரண்டும் ஒன்றும் செய்யாது.

சுருக்கமாக: வங்கியும் உடைக்கப்படவில்லை, வழியும் உடைக்கப்படவில்லை. உங்கள் கருவியிலேயே, மறையாக்கம் தொடங்குவதற்கு முன்பே திருட்டு முடிந்துவிடுகிறது.

## கணினியில் அது என்ன செய்கிறது

மிகப் பழைய முறை, விசைப்பலகையில் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவுசெய்வது. இதைச் செய்யும் நிரலுக்குக் கீலாகர் என்று பெயர். இதற்கு எதிராகத்தான் பல வங்கிகள் திரையிலேயே ஒரு விசைப்பலகையைக் காட்டி, சுட்டியால் அழுத்தச் சொல்லின. திருடர்கள் விரைவிலேயே அதற்கும் ஈடுகொடுத்தார்கள். சுட்டியை அழுத்தும் கணத்தில் அதைச் சுற்றியுள்ள திரைப்பகுதியைப் படம்பிடித்தால் எந்த எழுத்தென்று தெரிந்துவிடுகிறது.

அடுத்த முறை இன்னும் நேரடியானது. உலாவிக்குள்ளேயே நுழைந்து, 'உள்நுழை' பொத்தானை அழுத்தும் கணத்தில், படிவத்தில் நிரப்பியவற்றை மறையாக்கத்துக்கு முன் அப்படியே அள்ளிக்கொள்வது. கடவுச்சொல்லைத் தட்டினீர்களா, வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினீர்களா என்பதெல்லாம் இதற்குப் பொருட்டே இல்லை.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை மிகவும் ஆபத்தானது. தோளுக்குப் பின்னால் நிற்பவன் படிப்பதோடு நிற்காமல், உங்களுக்கு வரும் பதில் கடிதத்திலும் இரண்டு வரிகளைச் செருகிவிட்டால்? இதற்கு வெப் இன்ஜெக்ட் என்று பெயர். வங்கியின் உண்மையான பக்கம் உங்கள் உலாவிக்கு வந்துசேர்ந்த பிறகு, அதில் மென்பொருள் தன் சொந்தக் கட்டங்களைச் சேர்க்கிறது. "பாதுகாப்புக்காக உங்கள் அட்டையின் ரகசியப் பின் எண்ணை உள்ளிடவும்" என்று ஒரு புதிய கட்டம் தோன்றும். முகவரி சரியாக இருக்கும், எச்டிடிபிஎஸ் இருக்கும், நீங்கள் நிற்பதும் உண்மையான வங்கித் தளத்தில்தான். முகவரியைச் சரிபாருங்கள் என்ற வழக்கமான அறிவுரை இங்கே வேலைசெய்யாது. சில வகைகள் நீங்கள் பணம் அனுப்பும்போது பெறுநரின் கணக்கெண்ணையும் தொகையையும் மாற்றி அனுப்பிவிட்டு, திரையில் மட்டும் நீங்கள் இட்டதையே காட்டும்.

இந்தக் கலையைப் பரப்பியது 2007-இல் கண்டறியப்பட்ட ஜீயஸ் என்ற வங்கி ட்ரோஜன். 2011-இல் அதன் மூலநிரல் வெளியில் கசிந்தது, அதிலிருந்து ஒரு பரம்பரையே கிளைத்தது. அவற்றில் ஒன்றான கேம்ஓவர் ஜீயஸைப் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து 2014 ஜூனில் முடக்கின. அதனால் விளைந்த இழப்பு 10 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கணித்தது.

இப்போது பரவலாக இருப்பவை வேறு ரகம். தகவல் திருடிகள் என்று சொல்லலாம். உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள், அட்டை விவரங்கள், குக்கீகள் எல்லாவற்றையும் ஒரே வாரலில் எடுத்து அனுப்பிவிடும். அனுப்பியதும் தன்னையே அழித்துக்கொள்பவையும் உண்டு. குக்கீ என்பது, ஒருமுறை உள்நுழைந்தவரை மறுபடி கேட்காமலிருக்கத் தளம் உலாவியில் வைக்கும் சிறிய அடையாளம். அது கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். வங்கித் தளங்கள் சில நிமிடங்களில் வெளியேற்றிவிடுவதால் அங்கே இது அதிகம் உதவாது. மின்னஞ்சல் கணக்கில் உதவும். மற்ற கடவுச்சொற்களை மீட்டமைக்கும் கடிதங்கள் எல்லாம் வந்துசேரும் இடம் அதுதான் என்பதை மறக்க வேண்டாம். லும்மா என்ற தகவல் திருடி 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை மட்டும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மேக் கணினி வைத்திருப்பவர்களும் விலக்கல்ல. அட்டாமிக் ஸ்டீலர் என்பது 2023-இல் மேக்குக்கென்றே வெளிவந்தது.

சுருக்கமாக: கணினியில் இருக்கும் உளவு மென்பொருள் நீங்கள் எழுதுவதைப் படிக்கும், நீங்கள் பார்ப்பதை மாற்றும், சேமித்துவைத்ததை அள்ளும்.

## கைபேசியில் எப்படி

"ஓடிபி என் போனுக்குத்தானே வருகிறது" என்ற தைரியம் பலருக்கு உண்டு. 2010-லேயே அதற்குப் பதில் வந்துவிட்டது. ஜீயஸின் கைபேசி வடிவமான ஜிட்மோ, வங்கி அனுப்பும் குறுஞ்செய்திக் குறியீட்டைப் பிடித்துத் திருடனுக்கு அனுப்பியது. 2012-இல் வெளிப்பட்ட யூரோகிராபர் மோசடியில், இதே முறையில் கணினியையும் கைபேசியையும் சேர்த்துப் பிடித்து, இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின், நெதர்லாந்து நாடுகளில் 30,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடமிருந்து சுமார் 3.6 கோடி யூரோ எடுக்கப்பட்டது.

இன்று பெரும்பாலானோர் வங்கிச் செயலியையும் ஓடிபியையும் ஒரே போனில் வைத்திருக்கிறோம். திருடனுக்கு வேலை பாதியாகிவிட்டது.

ஆண்ட்ராய்டில் இரண்டு தந்திரங்கள் முக்கியமானவை. முதலாவது மேற்பூச்சுத் திரை: நீங்கள் வங்கிச் செயலியைத் திறந்ததும், அதன் மேல் அச்சு அசலாக அதைப்போன்றே இன்னொரு திரை வந்து மூடிக்கொள்ளும். நீங்கள் நிரப்புவது வங்கிக்குப் போகாது. இரண்டாவது, ஆக்சசிபிலிட்டி என்ற அணுகல்தன்மை வசதியைத் தவறாகப் பயன்படுத்துவது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கைகளை இயக்கச் சிரமப்படுபவர்களும் போனைப் பயன்படுத்துவதற்காக ஏற்பட்ட மிக நல்ல வசதி அது. அதற்காகவே, திரையில் உள்ளதைப் படிக்கவும் பொத்தான்களை அழுத்தவும் அதற்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட தீய செயலி, ஓடிபியைத் தானே படித்து, தானே நிரப்பி, தானே 'சரி' என்று அழுத்திவிடும். நீங்கள் அதை நீக்கப் போனால் அமைப்புப் பக்கத்தைப் படக்கென்று மூடியும்விடும்.

இந்த ஆபத்து உணரப்பட்டதால்தான் ஆண்ட்ராய்டு 13 முதல், ப்ளே ஸ்டோர் போன்ற செயலிக் கடைக்கு வெளியே இருந்து நிறுவிய செயலிக்கு இந்த அனுமதியைக் கொடுக்கப் போனால் போன் தடுக்கிறது. அந்தத் தடையை நீக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் எந்தச் செயலியையும், எந்த ஆளையும் நம்பாதீர்கள். நேர்மையான வங்கிக்கோ அரசு அலுவலகத்துக்கோ அது ஒருநாளும் தேவைப்படாது.

ஐபோனில் இந்த வகைத் திருட்டு மிகக் குறைவு. ஒரு செயலி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி அங்கே தடுப்பு இறுக்கமானது. ஆனால் 2024-இல் வெளிப்பட்ட கோல்ட்பிக்காக்ஸ் என்ற ட்ரோஜன், நிறுவனங்கள் தம் ஊழியர்களின் போன்களை நிர்வகிக்கப் பயன்படுத்தும் சுயவிவரத்தை (புரொஃபைல் என்ற அமைப்புக் கோப்பு) நிறுவச் சொல்லி உள்ளே நுழைந்தது. அமைப்புகளில் பொதுப் பகுதியில், விபிஎன் மற்றும் சாதன நிர்வாகம் என்ற இடத்தில் நீங்கள் அறியாத சுயவிவரம் எதுவும் இருக்கக் கூடாது.

## உள்ளே வரும் வழி

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் நாமேதான் கதவைத் திறக்கிறோம், அவசரத்தில். விலைப்பட்டியல் என்று வரும் மின்னஞ்சல் இணைப்பு, திருட்டுப் பதிப்பு மென்பொருள், உலாவியைப் புதுப்பிக்கச் சொல்லும் போலி அறிவிப்பு, மெசேஜில் வரும் ஏபிகே கோப்பு. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் கோப்பு. 2022-இல் காவல்துறைகள் முடக்கிய ஃப்ளூபாட் என்ற ஆண்ட்ராய்டு ட்ரோஜன், 'உங்கள் பார்சல் வருகிறது' என்ற குறுஞ்செய்தி வழியாகவே நாடு நாடாகப் பரவியது. தொற்றிய போனின் தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த ஆட்களைத் தேடிப்போனது.

புதிதாக ஒன்று பரவிவருகிறது. "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்" என்று ஒரு பக்கம் தோன்றும். விண்டோஸ் விசையோடு ஓர் எழுத்தை அழுத்தி, திறக்கும் பெட்டியில் ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும். நீங்கள் ஒட்டுவது அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் நகலெடுத்துவைத்த கட்டளை. எந்த உண்மையான சரிபார்ப்பும் உலாவிக்கு வெளியே எதையும் செய்யச் சொல்லாது.

## எதைக் கண்டு சந்தேகப்படுவது

போன் சூடாகிறது, கணினி மெதுவாகிறது என்பவை பலவீனமான அடையாளங்கள். பழைய கருவிகள் எல்லாமே அப்படித்தான். நன்றாக எழுதப்பட்ட உளவு மென்பொருள் எந்தச் சுமையும் தராது.

வலுவான அடையாளங்கள் வேறு. வங்கிப் பக்கத்தில் இதுவரை கேட்காத விவரத்தைக் கேட்பது. நீங்கள் கேட்காமலே ஓடிபி வருவது. வங்கியிலிருந்து வழக்கமாக வரும் குறுஞ்செய்திகள் திடீரென்று நின்றுபோவது. அணுகல்தன்மைப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத செயலி ஒன்று இயங்குவது. வைரஸ் எதிர்ப்பு நிரலோ, ஆண்ட்ராய்டில் செயலிகளைச் சோதிக்கும் ப்ளே புரொடெக்டோ நீங்கள் அணைக்காமலே அணைந்திருப்பது.

## அகற்றுவது: வரிசைதான் முக்கியம்

பதற்றத்தில் முதலில் ஸ்கேன் செய்யத் தோன்றும். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதல் வேலை கருவியை இணையத்திலிருந்து துண்டிப்பது: வைஃபையை அணையுங்கள், மொபைல் டேட்டாவை அணையுங்கள், கம்பி இருந்தால் பிடுங்குங்கள். பின்னால் நிற்பவன் இனி இணையம் வழியாக எதையும் வெளியே அனுப்ப முடியாது.

இரண்டாவது வேலை வங்கியை அழைப்பது, வேறொரு தொலைபேசியிலிருந்து. அழைக்கும் எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்து எடுங்கள். தேடுபொறியில் கிடைக்கும் உதவி எண்களில் போலிகள் உண்டு. இணைய வங்கி அணுகலையும் அட்டைகளையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால், புகார் எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காவல்துறையிலும் புகார் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த முடிந்தால் மீட்க வாய்ப்பு அதிகம். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காதீர்கள். ஏமாந்ததில் அவமானம் எதுவும் இல்லை, இதையே தொழிலாகச் செய்பவர்கள் எதிரே இருக்கிறார்கள்.

மூன்றாவதாகத்தான் கடவுச்சொற்கள், அதுவும் தொற்று இல்லாத வேறொரு கருவியில். மின்னஞ்சலில் தொடங்குங்கள், பிறகு வங்கி, பிறகு மற்றவை. மாற்றியதும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். திருடப்பட்ட குக்கீகள் செல்லாமல் போக அதுவே வழி. வேறு கருவி கிடைக்கவில்லை என்றால், வங்கி அணுகல் முடங்கிய நிலையிலேயே இருக்கட்டும். கருவியைச் சுத்தம்செய்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இனி சுத்தம்செய்வது. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடத் தொடங்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். சாதாரண ஸ்கேனில் ஒளிந்துகொள்ளும் நிரல் இதில் ஒளிய முடியாது, ஏனென்றால் அது இன்னும் இயங்கவே தொடங்கியிருக்காது. பிறகு உலாவியின் எக்ஸ்டென்ஷன் (உலாவியோடு சேர்க்கும் துணை நிரல்) பட்டியலைத் திறந்து, நீங்களே நிறுவியதாக நினைவில்லாதவற்றை நீக்குங்கள். நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலிலும் அப்படியே செய்யுங்கள். இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸ் போன்ற இன்னொரு ஸ்கேனரையும் ஓட்டலாம். அதை வேறு கணினியில் அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று விளம்பரத்தில் மிரட்டும் எதையும் தொடவே வேண்டாம். உளவு மென்பொருள் அந்த வேடத்திலும் வரும்.

ஸ்கேன் சுத்தம் என்று சொன்னால் போதுமா? இங்கே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வங்கி வேலைக்குப் பயன்படும் கணினியில் ட்ரோஜன் இருந்தது உறுதியானால், விண்டோஸை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுவதே சரி. ஸ்கேனரால் தனக்குத் தெரிந்ததை மட்டுமே கண்டுபிடிக்க முடியும். ஒரு ட்ரோஜன் இன்னும் இரண்டைத் துணைக்கு இறக்கிவைத்திருக்கலாம். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், நிறுவல் கோப்புகளை எடுக்காதீர்கள். அவற்றில் ஒன்றே குற்றவாளியாக இருக்கக்கூடும்.

ஆண்ட்ராய்டில் முதலில் சேஃப் மோடுக்குப் போங்கள். நீங்கள் பின்னர் நிறுவிய செயலிகள் எதுவும் இயங்காத நிலை அது. பல போன்களில் பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் கேட்கும். அமைப்புப் பக்கத்தைப் படக்கென்று மூடிய செயலியால் இப்போது ஒன்றும் செய்ய முடியாது. அணுகல்தன்மையில் அதன் அனுமதியை அணையுங்கள். போனை நிர்வகிக்கும் அதிகாரம் பெற்ற செயலிகளைக் காட்டும் டிவைஸ் அட்மின் பட்டியலில் இருந்தால் அங்கேயும் அணையுங்கள், இல்லாவிட்டால் நீக்கும் பொத்தான் வேலைசெய்யாது. அதன்பின் செயலிகளின் முழுப் பட்டியலில் தேடி நீக்குங்கள். முகப்புத் திரையில் ஐகான் இல்லை என்பதை நம்பாதீர்கள், பல தீய செயலிகள் ஐகானை மறைத்துக்கொள்கின்றன. குறுஞ்செய்திகளுக்கான இயல்புச் செயலி மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீக்க முடியவில்லை, அல்லது நீக்கியும் மனம் ஒப்பவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட், அதாவது போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவதைச் செய்யுங்கள். படங்களையும் தொடர்பு எண்களையும் முன்பே எடுத்துவைத்து, செயலிகளைக் கடையிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாக நிறுவுங்கள்.

சுருக்கமாக: துண்டிப்பு, வங்கி, வேறு கருவியில் கடவுச்சொல், கடைசியாகச் சுத்தம். பணம் தப்புவது முதல் இரண்டில்தான்.

## சுத்தம்செய்த பிறகு

கருவி சுத்தமானாலும் திருடன் விட்டுச்சென்ற தடயங்கள் உங்கள் கணக்குகளுக்குள் இருக்கலாம், எந்த ஸ்கேனரும் அவற்றைப் பார்க்காது. வங்கிக் கணக்கில் பெறுநர் பட்டியலைத் திறந்து நீங்கள் சேர்க்காத பெயர் உண்டா என்று பாருங்கள். பதிவான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையா, நாள் வரம்பு உயர்த்தப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். பல கைபேசி இணைப்புகளில் ##002# என்று அழுத்தி அழைத்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும்.

இனிமேல் பணம் அனுப்பும்போது, ஓடிபியோடு வரும் செய்தியில் எவ்வளவு தொகை, யாருக்கு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டே எண்ணை நிரப்புங்கள். உலாவித் திரையை மாற்றிக் காட்டும் ட்ரோஜனால், வேறொரு கருவிக்கு வரும் அந்த வரியை மாற்ற முடியாது. முடிந்தால் ஓடிபி வரும் போனும் வங்கி வேலை செய்யும் கருவியும் வெவ்வேறாக இருக்கட்டும்.

மின்னஞ்சலில் வடிகட்டி விதிகளையும் தானியங்கி முன்னனுப்பலையும் பார்க்கத் தவறாதீர்கள். வங்கியின் கடிதங்களை உங்கள் கண்ணில் படாமல் வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு அழிக்கும் ஒரு விதி அங்கே இருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அது தொடர்ந்து வேலைசெய்துகொண்டே இருக்கும். அதைக் கையால்தான் நீக்க வேண்டும்.